பூக்காரப் பாட்டி வீடும் குற்றாலத்துப் பங்களாக்களும்

நம் பாட்டிமார் சொன்ன ராஜா ராணிக் கதைகளில் ஒரு வீடு தவறாமல் வரும். தேசாந்திரம் கிளம்பிய ராஜகுமாரன் பொழுது சாயும் நேரத்தில் அயலூர்க் கோட்டைக்குள் நுழைவான். கோட்டை ஓரத்தில் ஒரு பூக்காரப் பாட்டியின் வீடு இருக்கும். இவன் ஒரு பொற்காசை எடுத்து அவள் கையில் வைப்பான். அவ்வளவுதான். குளிக்க வெந்நீர் வரும், வயிறார சாப்பாடு வரும், படுக்க மெத்தை வரும். அரண்மனைச் சேதியெல்லாம் அவள் வாயிலிருந்து இவனுக்கு வந்து சேரும். இவனைப் பற்றிய சேதி ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வெளியே போகாது. ‘நீ யாருப்பா, என்ன ஆளுக’ என்று அவள் கேட்டதாக ஒரு கதையிலும் நான் கேட்டதில்லை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதைகளைப் புரட்டினவர்களுக்கும் இந்தக் கிழவிகளைத் தெரியும்.

சொகுசும் ரகசியமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற விடுதி அது. நிஜத்தில் அப்படி ஒன்று இல்லாததால்தான் கதையில் அத்தனை முறை வந்தது என்று நினைக்கிறேன். நம் தாமிரபரணிச் சீமையில் வழிப்போக்கனுக்கு இடம் இல்லாமல் இல்லை. சத்திரம் இருந்தது, மடம் இருந்தது, முசாபரி பங்களா இருந்தது, குற்றாலத்தில் ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மாளிகைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி நின்றது. யாரிடம் என்ன கேட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தாலே நம் ஊர்ச் சரித்திரம் கொஞ்சம் தெரிந்துவிடும்.

சத்திரம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ராணி மங்கம்மாள். பேரன் விஜயரங்க சொக்கநாதன் சிறுவனாக இருந்ததால் 1689 முதல் 1706 வரை மதுரையை அவர்தான் ஆண்டார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரத்தைப் பார்க்காதவர் நம்மில் யார்? மதுரையிலிருந்து தெற்கே வரும் பழைய பாதையை மங்கம்மாள் சாலை என்றுதான் எங்கள் தாத்தா காலத்தவர்கள் சொல்வார்கள். சாலையோரம் மரம், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், கோடையில் தண்ணீர்ப் பந்தல், ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு சத்திரம். அப்புறம் வந்த செல்வந்தர்களும் இதையே செய்தார்கள். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு போகம் விளைகிற வயலை எழுதி வைத்துவிட்டால் சத்திரத்து அடுப்பு அணையாது. வெள்ளைக்காரர்கள் சத்திரத்துக்கு வைத்த ‘சவுல்ட்ரி’ என்ற பேர்கூட நம் சாவடி திரிந்து போனதுதான்.

அங்கே போய் இறங்கினால் முதலில் மணியக்காரர் வருவார். ‘தாங்கள் யாரு?’ என்பார். பேரைக் கேட்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பதிலைப் பொறுத்து உள்கட்டில் இலை போடுவதா, முன்கட்டில் இடம் கொடுத்துப் படியரிசி அளப்பதா, ‘அந்த ஆலமரத்தடியில இருந்துக்கோ’ என்று கையைக் காட்டுவதா என்பது முடிவாகும். பெரும்பாலான சத்திரங்களில் சமைத்த சாப்பாடு பிராமணர்களுக்கு. மற்ற சாதியாருக்கு அரிசி, பருப்பு, மிளகாய், விறகு. அவரவர் பொங்கிக்கொள்ள வேண்டியது. தாழ்த்தப்பட்டவர் என்று தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கு வாசற்படி கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் இதையே இரண்டு கட்டடமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பிராமணருக்கு இலவசச் சாப்பாடு போட ஊட்டுப்புரை, மற்றவர் ஒதுங்க வழியம்பலம்.

இதைச் சொல்வதால் சத்திரம் வைத்தவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்ச காலத்தில் அந்த அரிசி எத்தனையோ உயிரைப் பிடித்து வைத்தது. ஆனால் அந்த வாசலில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ‘தான் இன்னார்’ என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் தண்ணீரே கிடைக்கும்.

குற்றாலத்துக் கதை வேறு. அது வழியில் தங்கும் ஊர் அல்ல, போய்த் தங்கும் ஊர். ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழையும். தென்காசி தாண்டியதுமே முகத்தில் பூந்தூறல் விழும். திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும்போது அங்கே போர்வை கேட்கும். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிப் பரிசாக நிலம் பெற்றதும், அந்த இடத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பேர் வந்ததும் விஜயரங்க சொக்கநாதன் காலத்தில். பாட்டியார் சாலைக்குச் செலவழித்தார், பேரன் பாட்டுக்குச் செலவழித்தார்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஊர் தெரிய வந்த கொஞ்ச காலத்திலேயே அவர்களுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. தாமஸ் டேனியல் என்ற ஓவியர் தம் சகோதரர் மகன் வில்லியமோடு 1792-ல் தெற்கே வந்து பாபநாசம் அருவியையும் குற்றாலம் அருவியையும் வரைந்தார். லண்டனில் அச்சான அந்தப் படங்கள்தான் சீமையில் இருந்தவர்களுக்கு நம் அருவிகளை முதலில் காட்டின. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிக்காரர்கள் அடிவாரத்தில் ஜாதிக்காய், கிராம்பு, பட்டை என்று நறுமணத் தோட்டங்கள் போட்டார்கள். சீசனில் நாம் பேரம் பேசி வாங்கும் மங்குஸ்தான் பழமும் கடல் கடந்து வந்த சரக்குதான். தோட்டத்துக்குப் பின்னாலேயே பங்களா வந்தது. பாளையங்கோட்டை அதிகாரிகளுக்கும் திருவிதாங்கூர் ரெசிடெண்டுக்கும் ஊட்டி எட்டாத தூரம். ஓடு வேய்ந்த கூரை, நாலு பக்கமும் தாழ்வாரம், கை நீண்ட சாய்வு நாற்காலி என்று குற்றாலத்தில் குடியேறினார்கள்.

அந்த வரிசையில் இன்றைக்கும் நிற்பது திருவிதாங்கூர் அரண்மனைக்குச் சொந்தமாக இருந்த மாளிகை. அதன் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குற்றாலம் பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா. ஆக, மகாராஜாவின் ஓய்வு மாளிகை அடுத்தவர் எல்லைக்குள் இருந்தது. சொந்த ஊரில் மகாராஜா வெளியே கால் வைத்தால் வெடிச்சத்தம், மேளம், முறைக்காரர்கள் கூட்டம். மதிலுக்குள் மரம் அடர்ந்த இந்த மாளிகையில் அவர் வந்ததும் போனதும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை நம் பக்கம் வந்தது. மாளிகை கேரளத்துக்கே போனது. இப்போதும் அது கேரளப் பொதுப்பணித் துறையின் விருந்தினர் மாளிகை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அந்த வாசலுக்குத் திருவனந்தபுரம் உத்தரவு வேண்டும். இரண்டு அரசுகளும் அந்த இடத்துக்காக வழக்குப் போட்ட கதையும் உண்டு.

1903, 1904-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கியதும் சாரலுக்கு வரும் கூட்டம் பெருகியது. நம் ஜில்லாவில் ஜமீன்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஊற்றுமலை, சிவகிரி, எட்டையபுரம், சிங்கம்பட்டி என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஆடி மாதம் ஜமீன் பரிவாரம் குற்றாலத்தில் இறங்குவது ஒரு தனி அரங்கேற்றம். சமையல்காரர், நாவிதர், எண்ணெய் தேய்த்து விடுகிறவர், வித்வான், கணக்குப்பிள்ளை எல்லாம் முன்னால் வந்துவிடுவார்கள். திரை போட்ட வண்டி விடியுமுன் அருவிக்குப் போய்த் திரும்பிவிடும். கடன் பேசுவதும், பங்காளி வழக்கைச் சமாதானம் செய்வதும், வெளியே சொல்ல முடியாத உறவுகளும் அந்த மதில்களுக்குள்தான். ஊரில் உலவும் கதைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்களாக் காவல்காரர்கள் மூடிக் காத்த வாயை நான் எதற்குத் திறக்க?

பூக்காரப் பாட்டிக்குச் சமமாக நம் பக்கத்தில் யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காவல்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். ‘உள்ள யாரு வந்திருக்கா அண்ணாச்சி?’ என்று கேட்டால் ‘மழைதான் வந்திருக்கு’ என்பார்களாம். ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டி வீட்டில் பொற்காசு உள்ளவன் எவனும் நுழையலாம். இங்கே வாசலில் கேள்வி இல்லாததற்குக் காரணம், கேட்க வேண்டிய நிலையில் உள்ள ஒருத்தர்கூட அங்கே வந்து நிற்க முடியாது என்பதுதான்.

அடுத்தது முசாபரி பங்களா. முசாபர் என்றால் பிரயாணி. வடக்கே இதையே டாக் பங்களா என்பார்கள். 1884-ல் வந்த உள்ளாட்சி வாரியச் சட்டத்துக்குப் பிறகு நம் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தோடு சத்திரங்களையும் இந்தப் பங்களாக்களையும் சேர்த்தே பராமரித்தன. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு உலகம். சத்திரத்தில் சாதி கேட்டார்கள். பங்களாவில் உத்தியோகம் கேட்டார்கள். ஆரம்பத்தில் அது வெள்ளைத் துரைகளுக்கான இடம். பிறகு நம்மவர்களில் தாசில்தார், முன்சீப், இஞ்சினீயர் என்று பதவிக்கு வந்தவர்கள் மெல்ல உள்ளே போனார்கள். பூட்ஸ் போட்ட கால் முதலில், செருப்புப் போட்ட கால் அப்புறம்.

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில்கூட அந்த வாசனை போகவில்லை. உயரமான கூரை, மெட்ராஸ் ஒட்டு, சுவரில் பங்கா கட்டின கொக்கிகள், பீங்கான் தட்டு அடுக்கிய அலமாரி. பட்லர் என்று அழைக்கப்பட்ட கிழவர் நாலு மணிக்குச் சைக்கிளில் போய்க் கோழி வாங்கி வருவார். மேசையில் ஒரு பெரிய நோட்டு. பெயர், உத்தியோகம், வந்த நேரம், போன நேரம், கட்டின தொகை, குறிப்பு என்று கட்டங்கள். அரசாங்க வேலையாக வந்தவருக்கு ஒரு வாடகை, சொந்த வேலையாக வந்தவருக்குக் கூடுதல் வாடகை. அதிகாரி வந்துவிட்டால் சொந்த வேலைக்காரர் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு அப்படி எழுப்பப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், இப்போது இல்லை, இந்தப் பங்களாக்களை உயிராக நினைத்தார். 1974-ல் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்கு அவருக்கு மாற்றல். வாடகைக்கு வீடு தேடிப் போன ஒவ்வொரு தெருவிலும் முதலில் மோர் கொடுத்தார்கள், பிறகு அப்பா பேர் கேட்டார்கள், பிறகு சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருப் பேரைச் சொன்னதும் வீடு காலியில்லாமல் போய்விட்டது. ஒரு மாதத்துக்கு மேல் அவர் பங்களாவிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜிலும் மாறி மாறித் தங்கினார். சட்டைப் பையில் மாற்றல் உத்தரவை மடித்து வைத்திருப்பார். ‘இந்த நோட்டுல எத்தனை கட்டம் இருக்கு பாத்தீங்களா சார்? என் தெருவுக்கு ஒரு கட்டம் இல்லை’ என்று அவர்தான் எனக்கு விரலை வைத்துக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முன் துரைமாருக்காகக் கோடு போட்ட நோட்டு, அவருக்கு இப்படி உதவியது.

அந்தக் கட்டம் தானாகக் காணாமல் போகவில்லை. அதற்கான சண்டை நம் ஆற்றங்கரையிலேயே நடந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் சத்திரம் அல்ல, பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். ஆனாலும் கேள்வி அதே கேள்வி. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924, 1925-ல் வெடித்தது. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் வாங்கி நடத்தும் இடத்தில் தனிப் பந்தியா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேட்டார்கள். காந்தி வரை போயிற்று. தமிழ்நாட்டு அரசியலே இரண்டாகப் பிளந்தது. லண்டனில் சாவர்க்கரோடு இருந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரிக்குத் தப்பி வந்த ஐயர், அதாவது வேஷம் மாறி ஊர் பேர் சொல்லாமல் தங்குவதன் அருமை தெரிந்த ஒரு மனிதர், இந்தப் பந்தி விஷயத்தில் மாட்டிக்கொண்டது விதிதான். 1925 ஜூன் மாதம் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவரும் மூழ்கினார். இன்றைக்கும் அகஸ்தியர் அருவிக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் என்னால் திரும்ப முடிவதில்லை.

ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941-ல் போனது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. ஓட்டல், கடை, பொதுக் கேளிக்கை இடம் எதிலும் சாதி மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல் வந்தபோது சத்திரம், தர்மசாலை, முசாபரி விடுதி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. இடையில் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து பங்களாக்காரர்களின் வருமானத்தில் கை வைத்தது. பரிவாரத்தைக் கட்டிக் காக்க முடியாமல் பல மாளிகைகளில் பூட்டுத் தொங்கிற்று, சில கைமாறின.

அதே காலத்தில் குற்றாலத்தில் வாடகை இல்லாத ஒரு விடுதி இருந்ததையும் சொல்லாமல் போகக் கூடாது. ரசிகமணி டி.கே.சி.யின் வீடு. வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி நடத்தியவர், கடைசிக் காலத்தில் குற்றாலத்துக்கே குடிபோய் 1954-ல் அங்கேயே காலமானார். ராஜாஜி வருவார், கல்கி வருவார், அ. சீனிவாசராகவன், பாஸ்கரத் தொண்டைமான், மகாராஜன் என்று பெரிய பட்டாளமே வரும். காலையில் அருவி, பிறகு இலை நிறையப் பலகாரம், பிறகு கம்பர். ரகசியம் மட்டும் அந்த வீட்டில் கிடையாது. அங்கே போய் வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததே இல்லை. அந்த உபசாரத்தைத் தமிழ்நாடு முழுவதும் எழுதித் தீர்த்தார்கள்.

அறுபது, எழுபதுகளில் லாட்ஜ் வந்தது. ஜங்ஷனிலும் தென்காசியிலும் குற்றாலம் சன்னதிப் பக்கமும். லாட்ஜைப் பற்றி நம் தலைமுறை நல்லதாகப் பேசியதில்லை. லாட்ஜில் தங்கினான் என்றாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சுவரில் காவிக் கறை, மூட்டைப்பூச்சி, பக்கத்து அறைச் சீட்டுக் கச்சேரி எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஆற்றங்கரையில் எத்தனையோ நூற்றாண்டாகக் கேட்ட கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸை மட்டும் கேட்ட முதல் வாசல் அதுதான். பொற்காசுக்குப் பதில் ஐந்து ரூபாய். பூக்காரப் பாட்டிக்குப் பதில் காதில் பென்சில் சொருகிய மேனேஜர். என் நண்பர் சொன்னதை வைத்துப் பார்த்தால் மூட்டைப்பூச்சியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இப்போது குற்றாலத்தில் மலையைப் பார்த்த பால்கனி, நீச்சல் குளம் எல்லாம் உள்ள ரிசார்ட்டுகள் வந்துவிட்டன. ஜமீன் பங்களாவின் மதில் திரும்பி வந்திருக்கிறது, ரகசியம்தான் திரும்பவில்லை. 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து முங்கிக்கொண்டிருந்தபோது, தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் ஐகோர்ட் தீர்ப்பை எதிர்பார்த்துக் குற்றாலத்தில் ஒரு சொகுசு விடுதியில் தங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒதுங்கி இருக்கத்தான் வந்தார்கள். நாடு முழுக்க அதை டிவியில் பார்த்தது. அந்தக் காலத்துக் காவல்காரர் இருந்திருந்தால் மைக்கைப் பார்த்து ‘மழைதான் வந்திருக்கு’ என்று சொல்லியிருப்பார். தீர்ப்பு 25-ஆம் தேதி வந்தது, அவர்களுக்கு எதிராக.

இன்றைக்கு எந்த விடுதிக்குப் போனாலும் ஆதார் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அப்பா பேரும் தெருப் பேரும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. என் நண்பர் இருந்தால் என்ன சொல்வாரோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சத்திரத்துக்கு வெளியே மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்த வண்டிக்காரரை எந்தக் கல்வெட்டிலும் பார்க்க முடியாது. மகாராஜாவின் பல்லக்குத் தூக்கிகள் எங்கே படுத்தார்கள் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஜமீன்தாரின் காருக்கு டிரைவர் வந்தபோது அவரும் காரிலேயே தூங்கினார். 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் விடுதிகளும் விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள ஓய்விடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணை போட்டது. போன சீசனில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தபோது ராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கி வந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பார்க்கிங்கில் ஒன்பது வண்டிகள் நின்றன. நாலு வண்டிகளில் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார்கள். எங்கள் வண்டியிலும் ஆள் இருந்தார். மேனேஜரிடம் கேட்டேன். பின்பக்கம் இடம் இருக்கிறது என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். டிரைவர் தம்பியை எழுப்பி அழைத்துப் போனேன். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நாலு கட்டில், ஒரு ஃபேன், வாளியில் தண்ணீர். ‘இப்படி ஒரு இடம் இருக்குன்னு யாருமே சொல்லலையே சார்’ என்றார். அடுத்த வண்டிக்காரரை எழுப்பப் போனார்.